கை தூக்கிப் பார்த்த ஜெர்சி

ஜெர்சி தைத்து வாங்கி வரத்தான் திருப்பூர் போனேன். வேறு வேலை இல்லை.

நான் இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். பகலில் கொழுந்து பறிப்பு. அது முடிந்தால் வாலிபால். தோட்டத்து விளையாட்டுக் கழகத்தில் பெண்கள் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் பிள்ளைகள் இதுவரை ஆண்கள் போட்டுக் கழித்த ஜெர்சியில் ஆடினார்கள். தோள் முழங்கையில் தொங்கும். இந்த வருடம் புதிது வேண்டும் என்று கழகத்தில் நின்று கேட்டேன். தலைவர் சிரித்தார். "ஒங்க சின்னம்மா மக திருப்பூர்லதான இருக்கா? நீங்களே போயித் தச்சுக்கிட்டு வாங்க" என்றார். கேலிக்குச் சொன்னார். நான் போய்விட்டேன்.

சின்னம்மா குடும்பம் அந்தக் காலத்தில் கப்பலேறிக் கோத்தகிரி போனது. மகள் புஷ்பம் அங்கே பிறந்தவள். கட்டிக்கொடுத்தது திருப்பூருக்கு. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். வீட்டிலும் அதையே செய்வாள்.

பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் "இளைச்சுட்டக்கா" என்றாள். முதல் குறை.

டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள். பால் இருந்தது, சர்க்கரை இருந்தது, இஞ்சியும் இருந்தது. தேயிலையைத் தேடினேன்.

"எப்பிடிக்கா இருக்கு?"

"சூடா இருக்கு."

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் காசு வாங்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெண்களுக்கு இலவசமாம். நான் இந்த நாடு இல்லை என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லேடீஸ்தானுங்களே? உள்ள போங்க" என்றார். உள்ளே போனேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். புஷ்பம் காதில் சொன்னாள். ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம், லீவு கேட்டேன், ஷிப்மெண்ட் முடியட்டும் என்கிறார்கள் என்று ஒருவன் சொன்னானாம். ஷிப்மெண்ட் என்றைக்கு முடிந்திருக்கிறது, நீ கல்யாணத்தைத் தள்ளிப் போடு என்றானாம் மற்றவன். எங்கள் தோட்டத்திலும் கொழுந்து முடிவதே இல்லை.

அன்று ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு, மேலே நெய். தொட்டுக்கொள்ளத் தயிர். ரொட்டியும் சம்பலும் தின்று பழகிய வயிற்றுக்கு அது மெத்தையில் படுத்த மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் புஷ்பம் முன்னால் போய்விட்டாள். "நாளைக்கு கம்பெனி வேன் வரும், அதுல ஏறி வந்துரு" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். நின்றேன். வேன் வந்தது. டிரைவர் "ஏறுங்க ஏறுங்க, நேரமாச்சு" என்றார். ஏறினேன். உள்ளே எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரையும் எழுப்பவில்லை.

இறங்கின இடத்தில் புஷ்பம் இல்லை. ஒரு சூப்பர்வைசர் என் முன்னால் வந்து நின்றார்.

"புதுசுங்களா? டெய்லரா, ஹெல்பரா?"

"வாலிபால்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த செக்சன் இங்க இல்லீங்களே" என்றார். பிறகு விஷயம் விளங்கி, இன்னொரு வேனில் ஏற்றிவிட்டார். இந்த ஊரில் காலையில் தெருவில் நிற்கிற பெண்ணை எந்த வேனும் விட்டுவிட்டுப் போகாது. ஆள் தட்டுப்பாடு அப்படி.

புஷ்பத்தின் கம்பெனி பெரிதல்ல. முன்னால் ஒரு முற்றம், நிறைய வேன்கள் நின்றன. உள்ளே தையல் மெஷின்கள் வரிசையாக. ஒருத்தி கழுத்து வைப்பாள், அடுத்தவள் கை வைப்பாள், அதற்கு அடுத்தவள் கீழ் மடிப்பு. கடைசி மெஷினைத் தாண்டினால் பனியன். ஓர் ஓரத்தில் நெட்டையான பெண் ஒருத்தி நூல் கழிவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மேல் தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை எடுக்கச் சொன்னார்கள். ஸ்டூல் போடாமல் எட்டி எடுத்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். வாலிபால் ஆடுகிறவர்கள் கண் அங்கேதான் போகும். பெயர் சரோஜா என்றாள் புஷ்பம்.

முதலாளி குமாரசாமி. நெற்றியில் திருநீறு. தலைக்கு மேல் முருகன் படம். தறி நெய்த குடும்பம், இப்போது பனியன். நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்.

"எத்தனை பீசுங்க அம்மிணி?"

"இருபத்து நாலு."

"இருபத்து நாலாயிரமுங்களா?"

"இருபத்து நாலு."

அவர் புஷ்பத்தைப் பார்த்தார். புஷ்பம் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தாள்.

"எங்கூட்டுப் பாப்பாளுக்குப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கே இதுக்கு மேல தெச்சனுங்க. சரி, என்ன ஜெர்சி?"

"வாலிபால்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் அவரும் ஆடியவராம். உடனே இளநீர் வந்தது. கம்பெனியில் விளையாட்டுக் கிளப் வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கிடையில் பெண்கள் போட்டி. அவர் கம்பெனிக் குழுவும் ஆடுகிறது.

"தெச்சுத் தாரனுங்க. ஆனா ஒண்ணு. ஒரு பீஸ் தெச்சு, ஆள் போட்டுப் பாத்து, கை காலை ஆட்டிப் பாத்ததுக்குப் பொறவுதான் மத்ததுக்குக் கத்திரி வெப்பேன். லட்சம் பீசானாலும் அப்பிடித்தான். இருபத்து நாலானாலும் அப்பிடித்தான். டேபிள்ல வெச்சு டேப்புல அளந்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆள் போட்டாத்தான் தெரியும்."

நான் கொண்டுபோன அளவுகளைக் கொடுத்தேன்.

கிளப்பைப் பற்றி அவரே சொன்னார். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் வந்து வகுப்பு எடுத்தார்களாம். எல்லாத் தரப்பு ஆளும் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்றார்களாம். அவருக்கு அது மனதில் பட்டுவிட்டது. கமிட்டியில் புதிதாக மூன்று நாற்காலி போட்டார். பெண்களுக்கு ஒன்று, ஆபீஸில் கணக்குப் பார்க்கிற கவிதா. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, அயர்ன் பண்ணுகிற பீகார்க்காரர் சஞ்சய். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று, வார்டன் ஜெயராணி.

"ஒரு தரப்பும் உடுபடலீங்க" என்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

எங்கள் கழகத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று என்றதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் பயிற்சி பார்க்கப் போனேன். பைபாஸுக்கு அந்தப் பக்கம் மைதானம். ஷிப்ட் முடிந்து பெண்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். கவிதாதான் கேப்டன். நல்ல பெண். ஓடுவாள், விழுவாள், சிரிப்பாள். ஆனால் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லை. எல்லாரும் அடிக்கவே நின்றார்கள். பந்து பாதி நேரம் பைபாஸில் கிடந்தது. லாரிக்காரர்கள் எடுத்து எறிந்தார்கள். அவர்கள் எறிந்தது நன்றாக இருந்தது.

"தூக்கிக் குடுக்க ஆளில்லையா?" என்று புஷ்பத்திடம் கேட்டேன்.

"இருக்குக்கா. வெளிய வராது. வா காட்டுறேன்."

ஹாஸ்டல் கம்பெனிக்குப் பின்னால்தான். இருட்டும் முன் கேட் பூட்டிவிடுவார்கள். போய்ச் சேர்ந்தபோது வார்டன் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா. கழுத்தில் சிலுவை. புஷ்பத்தைக் கண்டு வழிவிட்டார்.

உள்ளே சுவரில் ஒரு பெண் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை. விரல் நுனியால் மேலே ஏற்றினாள். பந்து துணிக்கொடிக்கு ஒரு சாண் மேலே போய், நின்று, இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அதே இடம்.

சுமித்ரா. ஒடிசா. கம்பெனியில் கை வைக்கிற டெய்லர். ஊரில் பள்ளிக்கூடக் குழுவில் ஆடியவள். வேலைக்கு வந்ததோடு ஆட்டம் முடிந்தது என்று நினைத்தாளாம். இங்கே பந்தைப் பார்த்ததும் மறுபடி ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகிறேன் என்று ஊரில் தங்கச்சிக்குப் போனில் சொல்லிவிட்டாள். தங்கச்சி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஆனா முடியாதுங்க அக்கா" என்றாள். தமிழ் மெஷின் வரிசையில் கற்றது. அதனால் மரியாதை அதிகம். "பயிற்சி வராதவங்க மேட்ச் இல்லீங்க. கமிட்டி ரூல். பயிற்சி வெளிய. நான் உள்ள."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

சிரித்தாள். பந்தைச் சுவரில் எறிந்தாள்.

வார்டனிடம் கேட்டேன். "எம்மா, நான் என்ன செய்யதுக்கு? இருட்டுல பைபாஸத் தாண்டிப் பிள்ளையள விட்டுட்டு நான் எப்பிடித் தூங்குவேன்? ஒண்ணு ஆயிட்டுன்னா அதுகளப் பெத்தவகளுக்கு யாரு பதில் சொல்லுவா? உள்ள கேரம் போர்டு வாங்கிப் போட்டிருக்கேன், டிவி இருக்கு. கொற வைக்கல." அவர் சொன்னதிலும் தப்பில்லை. பைபாஸை நானும் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் என் ஜெர்சியில் முதல் மாதிரி பீஸ் தயாரானது. ஆபீஸ் அறையில் மேசையில் விரித்து டேப் வைத்து அளந்தார்கள். மார்பு சரி. தோள் சரி. நீளம் சரி. கை நீளம் சரி. ஒரு நூல் பிசகவில்லை. போட்டுப் பார்க்க ஆள் வேண்டும். என் பிள்ளைகள் உடம்புக்கு ஏறத்தாழ யார் என்று முதலாளி கேட்டார். புஷ்பம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. வரிசையிலிருந்து சுமித்ராவைக் கூட்டி வந்தாள்.

அதே நேரத்தில் கமிட்டிக் கூட்டமும் அதே அறையில். முதலாளிக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. கவிதா, சஞ்சய், ஜெயராணி மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். சுமித்ரா தடுப்புக்குப் பின்னால் போய் ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நல்லா இருக்குதுங்களே" என்றார் முதலாளி. "கையைத் தூக்கு கண்ணு."

தூக்கினாள். ஜெர்சி முழுவதும் கையோடு மேலே ஏறியது. வயிறு தெரிந்தது. வெடுக்கென்று ஒரு கையால் இழுத்துப் பிடித்தாள். சஞ்சய் முருகன் படத்தைப் பார்த்தார்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "பாத்தீங்களா? அக்குள் வெட்டு எறங்கிப் போச்சு. ஆம்பளை பேட்டர்னைச் சின்னதாக்கி வெட்டியிருக்கறாங்க. ஒவ்வொண்ணா அளந்தா எல்லாஞ் சரி. ஆள் போட்டா கை தூக்க முடியல. உள்ள ஒரு துணியப் போட்டுட்டு மறுபடி தூக்கு கண்ணு, எவ்வளவு ஏறுதுன்னு மாஸ்டர் வந்து பாக்கட்டும்."

அவள் உள்ளே ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட ஆள் போனது. அதற்குள் கூட்டத்தை முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எடுத்தார்கள்.

"ஹாஸ்டல் புள்ளைங்க பயிற்சிக்கு வரலீங்க. அதனால டீம்ல சேக்க முடியாது. மத்தவங்கள வெச்சு ஆடிக்கலாமுங்க" என்றாள் கவிதா.

"சரிங்க" என்றார் சஞ்சய்.

"சரி" என்றார் ஜெயராணி.

சுமித்ரா கையைத் தூக்கியபடியே நின்றாள். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அந்தக் கமிட்டியில் இடமில்லை. இருந்தாலும் கேட்டேன். "இந்தப் பிள்ளை ஆடணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

முதலாளி கவிதாவைப் பார்த்தார். "பொண்ணுங்க விசயம், நீதான கண்ணு?"

"பொண்ணுங்க விசயம்னா நான் பேசுவேனுங்க. ஆனா இது ஹாஸ்டல் சமாச்சாரம். கேட் சாவி எங்கிட்ட இல்லீங்களே."

"ஹாஸ்டல்னா நான்தான்" என்றார் ஜெயராணி. "ஆனா இது வடக்கத்திப் பிள்ள. அதுக்க அப்பன் ஆத்தா நம்பர் எல்லாம் ஏஜெண்ட் வழியால்லா வருது. வெளிய விடணும்னா சஞ்சய் தம்பி பொறுப்பு எடுக்கட்டும்."

சஞ்சய் எழுந்தே விட்டார். "ஐயோ சார். பசங்கன்னா நான் பேசும். இது லேடீஸ். லேடீஸ்க்கு நான் பொறுப்பு சொன்னா நாளைக்கு எல்லாம் தப்பா பேசும். கவிதா மேடம்தான் சரி."

சுற்றி மறுபடி கவிதாவிடமே வந்து நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் இடத்தில் அவரவர் சரி.

புஷ்பம் வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். "ஏனுங்ண்ணா" என்றாள் முதலாளியிடம், "இந்தக் கமிட்டியப் போட்டீங்களே, ஆள் போட்டுப் பாத்தீங்களா?"

"என்னம்மா சொல்ற?"

"டேபிள்ல அளந்தீங்க. பொண்ணுங்களுக்குச் சரி, வடக்கத்திக்காரங்களுக்குச் சரி, ஹாஸ்டலுக்குச் சரி. மூணும் ஒரே ஆளா இருந்தா? அந்தா நிக்குது பாருங்க. கையத் தூக்கிட்டு."

எல்லாரும் சுமித்ராவைப் பார்த்தார்கள். அப்போதுதான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

"அண்ணா" என்றாள் சுமித்ரா, "கை இறக்கலாமுங்களா?"

முதல் ஆளாகச் சிரித்தது முதலாளிதான். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். "எறக்கு கண்ணு. உக்காரு." நாற்காலி மூன்றுதான் இருந்தது. சஞ்சய் தன்னுடையதை நகர்த்திக் கொடுத்துவிட்டுப் பனியன் கட்டின் மேல் உட்கார்ந்தார். அவர் எப்படியும் அயர்ன் மேசையில் நின்றே பழகியவர். கட்டு வசதியாக இருக்கிறது என்றார்.

அதற்கப்புறம் சீக்கிரம் முடிந்தது. மைதானம் எதற்கு என்றார் முதலாளி. முற்றத்தில் நிற்கிற வேன்களை வெளியே எடுத்து நிறுத்து, வலையை அங்கே கட்டு. வெளிச்சம் இருக்கும்போதே, வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம். "காம்பவுண்டுக்குள்ளன்னா எனக்கென்ன? நானே நாற்காலியப் போட்டு உக்காந்து பாக்கேன்" என்றார் ஜெயராணி. கமிட்டிக் கூட்டம் இனி சாப்பாட்டு இடைவேளையில், மெஷின் வரிசைக்குப் பக்கத்தில். அங்கே வர யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கேப்டன் யார் என்ற கேள்வி வந்தது. கவிதா தானே சொன்னாள். "சுமித்ரா இருக்கட்டுமுங்க. நான் கேப்டனா இருந்தா டாஸ் போடறது மட்டும்தான் எனக்கு வருது."

"உனக்கு என்ன வேணும் கண்ணு? கமிட்டியில கேளு" என்றார் முதலாளி.

ஷூ கேட்பாள் என்று நினைத்தேன். வரிசைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே சரோஜா கழிவுச் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்கா வேணுமுங்க. ஹைட். வலைகிட்ட நிக்க ஆள் இல்லீங்க."

கவிதா குரலைத் தாழ்த்தினாள். "அவங்க டெய்லர் இல்லீங்கண்ணா. ஹெல்பர். வேஸ்ட் அள்றவங்க. அதுவுமில்லாம..." அங்கேயே நிறுத்திவிட்டாள். சரோஜா காலனியிலிருந்து வருகிறவள். அதைச் சொல்லத்தான் வந்தாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் தோட்டத்து லய வீடுகளிலும் இப்படிப் பாதியில் நிற்கிற பேச்சு உண்டு. கடல் தாண்டியும் அதே இடத்தில் நிற்கிறது.

முதலாளி முருகன் படத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். டேப்பை எடுத்தார். "சரோஜாவக் கூப்பிடுங்க" என்றார்.

அவள் பயந்துகொண்டு வந்தாள். டேப்பைப் புஷ்பத்திடம் கொடுத்து அளக்கச் சொன்னார்.

"நீளம் எக்ஸெல்லு, உடம்பு எம்முங்ண்ணா" என்றாள் புஷ்பம்.

"அதுக்குத் தனியா வெட்டு. அக்குளைப் பாத்து வெட்டு" என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குங்க அளந்தாங்க? நானு ஒண்ணும் பண்ணலீங்களே."

"வாலிபால்" என்றேன்.

சனிக்கிழமை வரை முற்றத்தில் ஆடினார்கள். வேன்கள் தெருவில் நின்றதால் தெருவே அடைத்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர் சண்டைக்கு வந்து, ஆட்டம் பார்க்க நின்றுவிட்டார். நான் சரோஜாவுக்கு வலை ஓரத்தில் நிற்கக் கற்றுக் கொடுத்தேன். சுமித்ரா தூக்கிக் கொடுத்தாள். எங்கே தூக்க வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயராணி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றவர், இரண்டாம் நாள் நாற்காலியை விட்டுவிட்டார். "ஏட்டி, குனியட்டி! பந்து என்ன பாம்பா?" என்று கத்தினார். தொண்டை கட்டிக்கொண்டது. விக்ஸ் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சந்தகை. வெல்லமும் தேங்காய்ப் பாலும். எங்கள் இடியாப்பத்துக்குச் சொந்தக்காரன். ஆனால் இவர்கள் நூலைக் கொஞ்சம் பெரிதாகப் பிழிகிறார்கள். முந்தின நாள் இதையே சாப்பிடும்போது புஷ்பம் என்னைப் படம் எடுத்திருந்தாள். ஏன் எடுத்தாள் என்று மைதானத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஆளுயர ஃப்ளெக்ஸ். 'சர்வதேச சிறப்பு விருந்தினர், இலங்கை' என்று போட்டு என் படம். வாய் பாதி திறந்து, சந்தகை பாதி உள்ளே.

"என்னங்க இது?" என்றேன் முதலாளியிடம்.

"வெளிநாட்டு ஆளு வர்றாங்கன்னு வெளம்பரம் பண்ணிட்டனுங்க. ரெண்டு வார்த்தை பேசிருங்க."

மைக் கொடுத்தார்கள். "நல்லா ஆடுங்க. விழுந்தா எந்திரிங்க" என்றேன். உட்கார்ந்தேன். வெயிலில் நின்ற கூட்டம் பலமாகக் கை தட்டியது. மற்றவர்கள் பேச்சு நீளம்.

முதல் செட் தோற்றோம். தோற்றது ஒரே காரணத்தால். கவிதாவுக்கும் சரோஜாவுக்கும் நடுவில் பந்து வந்தால் சரோஜா ஒதுங்கி வழி விட்டாள். வரிசைக்குள் சாக்கை இழுத்துக்கொண்டு போகும்போது யார் எதிரே வந்தாலும் ஒதுங்குகிறவள். கால் அப்படிப் பழகியிருந்தது. அவள் ஒதுங்குவாள், கவிதா அவள் எடுப்பாள் என்று நிற்பாள், பந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழும்.

செட் முடிந்து சுமித்ரா எல்லாரையும் வட்டமாக நிறுத்தினாள். கேப்டனாக அவள் பேசியதே அப்போதுதான். சரோஜாவின் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, ஒதுங்காதீங்க."

"அவங்க வர்றாங்க கண்ணு. நானு எப்பிடி..."

"வரட்டுமுங்க. பந்து உங்களுது. ஒதுங்காதீங்க."

இரண்டாம் செட்டில் மறுபடி அதே இடத்துக்குப் பந்து வந்தது. சரோஜா ஒதுங்கவில்லை. கவிதாவும் வந்தாள். இருவரும் இடித்துக்கொண்டு கவிதா உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். பந்து சரோஜா கையிலிருந்து வலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. புள்ளி எங்களுக்கு. சரோஜா முகம் வெளுத்துப் போய் நின்றாள். கவிதா கீழே இருந்தபடியே கையை நீட்டினாள். "தூக்கி உடுங்கக்கா. இடுப்புப் போச்சு" என்றாள். சிரித்தாள். சரோஜா அவளைத் தூக்கினாள். அடுத்த இடைவேளையில் தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் இருந்தது. அது சுற்றி வந்தது. சரோஜாவிடமிருந்து கவிதா வாங்கிக் குடித்தாள். நான் கவனித்தேன். வேறு யாரும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்ததில் ஒரு சாயப்பட்டறைக் குழுவிடம் தோற்றோம். அவர்கள் ஈரத் துணி தூக்குகிறவர்கள். தோள் அப்படி. சுமித்ரா வரிசையாக எல்லார் கையையும் குலுக்கினாள். பிறகு ஓரமாகப் போய்த் தங்கச்சிக்குப் போன் போட்டாள். ஒடியாவில் வேகமாகப் பேசினாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"தோத்துட்டோம் சொன்னேனுங்க. அவ கேட்டா, நீ ஆடினியா. ஆடினேன் சொன்னேனுங்க. அப்ப சரின்னா."

அன்று சாயங்காலம் நான் எங்கள் தோட்டத்துக்குப் போன் போட்டேன். ஜெர்சி வெட்டுமுன் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். அளவு மட்டும் இல்லை, எப்படி வேண்டும் என்று. அதுவரை அளவுதான் எடுத்திருந்தேன். பஜாரிலிருந்து வருகிற பாத்திமா முழுக்கை வேண்டும் என்றாள். இவ்வளவு நாள் உள்ளே இன்னொரு சட்டை போட்டு வியர்த்து ஆடியிருக்கிறாள். அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். கழகக் கூட்டம் இனி ராத்திரியில் தோட்டத்து கிளப் கட்டடத்தில் வேண்டாம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பகலில் போடக் கேட்கப் போகிறேன், நீயும் வா என்று. "தலைவர் ஏசுவாரே" என்றாள். ஏசட்டும் என்றேன்.

ஜெர்சி மறுநாள் தயார். புது வெட்டு. புஷ்பம் போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஏறவில்லை. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "நூல் கலர் கொஞ்சம் டல்லு" என்றாள்.

கிளம்பும் நாளில் மத்தியானம் சுமித்ரா பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஒடிசாப் பலகாரம் ஏதோ செய்து தருவதாகவும் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. பெருமாநல்லூர் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு கம்பெனி வேன்கள் என்னை ஏறச் சொல்லி நின்றன. இல்லை என்று தலையாட்டினேன்.

தூரத்தில் புஷ்பம் மட்டும் வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"சுமித்ரா வரலக்கா. இதக் குடுக்கச் சொல்லுச்சு."

"ஏன்?"

"மீட்டிங்ல இருக்குக்கா. சரோஜாவும் உள்ள உக்காந்திருக்கு. சாயப்பட்டறைய எப்பிடி ஜெயிக்கறதுன்னு சத்தமாப் பேசிட்டு இருக்குது. மொதலாளி அண்ணன் வாயத் தொறக்கவே முடியல. கூப்பிட்டேன், பொறவு வரேன்னுடுச்சு."

பொட்டலம் சூடாக இருந்தது. பஸ் வந்தது. ஏறினேன்.